துண்டுத் துணி சும்மா கிடைக்கும், கை வேலை சும்மா இல்லை

எலுவன்குளத்தில் கல்யாணம் கட்டிப் போயிருக்கும் நம்ம தோட்டத்துத் தங்கச்சி ஒருவர் நலன்புரிப் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். “இங்கே கொழுந்தும் இல்லை, பேரும் இல்லை. கையில் ஒரு தையல் மெஷின் மட்டும் இருக்கு. தையல்கடையில் வெட்டி எறியும் துண்டுத் துணி சும்மாவே கிடைக்குது. அதை ஒட்டுப் போட்டு, மேலே பூ வேலை செய்து குஷன் கவர் தைக்கிறேன். வியாபாரி ஒருத்தர் ஒன்றுக்கு 1200 ரூபா தாறேன் என்கிறார். கொடுக்கலாமா?” என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. நம்ம லயங்களிலும் தையல் தெரிந்த அக்கா தங்கச்சிமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரட்டுக்குப் போய் வந்து, பிள்ளைகளைப் பார்த்து, சமையலும் முடித்து, மிச்சமிருக்கும் நேரத்தில் ஊசி பிடிக்கிறார்கள். அந்த வேலைக்கு என்ன விலை என்று கேட்டால், “துணி சும்மா வந்ததுதானே, ஏதாவது கொடுங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லக்கூடாது. ஏன் சொல்லக்கூடாது, இந்தத் தையலை எப்படிச் செய்வது, எப்படி விலை போடுவது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இது என்ன தையல்?

எலுவன்குளத்துத் தங்கச்சி செய்வதை உலகத்தில் ‘கிரேசி குயில்ட்’ என்று சொல்கிறார்கள். குயில்ட் என்றால் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த போர்வை. சாதாரண ஒட்டுப் போர்வையில் துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக, சதுரமாகவோ முக்கோணமாகவோ இருக்கும். கிரேசி குயில்ட்டில் அந்தச் சட்டம் இல்லை. துண்டு எந்தக் கோணத்தில் கிடைத்ததோ அப்படியே வைக்கலாம். பட்டும் வெல்வெட்டும் பருத்தியும் பக்கத்துப் பக்கத்தில் வரலாம். துண்டும் துண்டும் சேரும் ஒவ்வொரு மூட்டின் மேலும் கலர் நூலால் பூத்தையல் போடவேண்டும். அதுதான் இதன் அடையாளம். பூத்தையல் இல்லாவிட்டால் அது வெறும் ஒட்டுத்தான்.

கிரேசி என்றால் பைத்தியம் என்று நாம் நினைப்போம். பீங்கான் பாத்திரத்தின் மேல்பூச்சில் வலை போல மெல்லிய வெடிப்புகள் ஓடுமே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே வேர்ச்சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். துணியில் ஓடும் கோணல் மாணலான மூட்டுகள் அந்த வெடிப்பைப் போலத்தான் இருக்கும்.

1876ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே ஜப்பான் நாட்டு மண்டபத்தில் வைத்திருந்த பீங்கான்களையும் சித்திரங்களையும் சனங்கள் கூட்டம் கூட்டமாய்ப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத அந்த அழகு பலருக்கும் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு 1880களில் அந்த நாட்டு வசதியான வீட்டுப் பெண்கள் பட்டு, வெல்வெட் துண்டுகளை வைத்துக் கிரேசி குயில்ட் தைப்பது பெரிய மோகமாயிற்று. பட்டுக் கொம்பனிகள் துண்டுகளைப் பொட்டலம் கட்டியே விற்றன. பிறகு ஏழை வீட்டுப் பெண்களும் பழைய பருத்தி, கம்பளித் துணிகளை வைத்து அதே முறையில் தைத்தார்கள்.

இன்னொரு விசயம் கவனிக்க வேணும். அந்தப் பட்டுக் குயில்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே பஞ்சு வைக்கவில்லை. அவை குளிருக்குப் போர்த்துவதற்குச் செய்தவை அல்ல. விருந்தாளி வரும் அறையில் விரித்து வைத்துக் காட்டுவதற்குச் செய்தவை. அதனால்தான் எலுவன்குளம் மாதிரி வெக்கையான கடற்கரை ஊருக்கும் இந்த வேலை பொருந்தும். அந்த வெயிலில் கனமான போர்வை யாருக்கு வேணும்? ஆனால் குஷன் கவர், தோள் பை, மேசை விரிப்பு, சுவரில் தொங்கவிடும் துணி என்றால் எந்த ஊரிலும் எடுபடும்.

நம்மைப் போன்றவர்கள் செய்து காட்டியது

ஒட்டுப்போட்ட துணி என்றால் நம்ம சனத்துக்கு ஒரு கூச்சம் உண்டு. கிழிந்த சட்டையில் ஒட்டுப் போட்டுப் பள்ளிக்கூடம் போனதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால் ஒட்டுத் தையலை வைத்தே தலை நிமிர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தியாவில் கர்நாடக மாநிலத்து உத்தர கன்னட மாவட்டத்தில் யெல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் கிராமங்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். இவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். நம்ம நாட்டில் புத்தளத்துக்குக் கிட்ட சிரம்பியடியிலும் ஆப்பிரிக்க வம்சக் குடும்பங்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மன்ஜா பாட்டைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கர்நாடகத்துச் சித்திப் பெண்கள் பழைய உடுப்புகளைக் கிழித்து ‘கவந்தி’ என்ற போர்வை தைக்கிறார்கள். கீழே ஒரு பழைய சீலை. அதன் ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்து, நூலோட்டுத் தையல் போட்டுக்கொண்டே வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் சின்ன மடிப்புத் துணியால் பூ வைப்பார்கள். பூ இல்லாத கவந்தியை அவர்கள் முழுசானதாகக் கருதுவதில்லை. 2004ஆம் ஆண்டு இந்தப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைத்து வெளி ஊர்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். 2011ஆம் ஆண்டு இவர்களுடைய போர்வைகளை நியூயோர்க் நகரத்தில் கண்காட்சியாக வைத்தார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்ததை நாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேணும். ஏனென்றால் அவர்களும் தோட்டச் சனங்கள்தான். அவர்களுக்குப் பருத்தி, நமக்குத் தேயிலை. அங்கே வில்கொக்ஸ் பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் அடுத்தவர் நிலத்தில் பருத்தி பயிரிட்டு வாழ்ந்தார்கள். 1960களில் வாக்குரிமைக்காகப் பெயர் பதிந்ததற்காகவே பல குடும்பங்களை நிலச் சொந்தக்காரர்கள் வெளியேற்றினார்கள். அந்த வருசங்களில் பிரான்சிஸ் வோல்டர் என்ற பாதிரியார் அந்தப் பெண்கள் தைத்த ஒட்டுப் போர்வைகளைத் தலா 10 டொலருக்கு வாங்கி, நியூயோர்க்கில் ஏலத்தில் விற்றார். 1966ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தப் பெண்கள் ‘ஃபிரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மா அதை நடத்தினார். 1972ஆம் ஆண்டு சியர்ஸ் என்ற பெரிய கடைக் கொம்பனி அவர்களிடம் தலையணை உறை தைக்கும் கொந்தராத்துக் கொடுத்தது. கூட்டுறவு 23 ஏக்கர் நிலம் வாங்கியது. அதில் ஒரு பகுதியை வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு வீடு கட்ட விற்றது. தையற்கூடமும் கட்டினார்கள். 2012 வரை அந்தக் கூட்டுறவு இருந்தது.

துண்டுத் துணி நிலமாக மாறியது என்றால் அது மாயமில்லை. அந்தப் பெண்கள் தனித்தனியாகப் பேரம் பேசாமல் ஒன்றாக நின்று விலை சொன்னார்கள். அதுதான் காரணம்.

துணி சேர்ப்பது

தையல்கடை, கார்மென்ட்ஸ் வெட்டுத் துணி விற்கும் கடை, வீட்டுப் பழைய சீலை, கிழிந்த பாவாடை, பிள்ளைகளுக்குச் சின்னதாய்ப் போன சட்டை எல்லாம் உதவும். சேர்க்கும்போது இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, எல்லாத் துண்டையும் கழுவிக் காயவைத்து, அயன் பண்ணி எடுங்கள். தைத்த பிறகு முதல் கழுவலில் ஒரு துண்டு மட்டும் சுருங்கினால் முழு வேலையும் கோணிப்போகும்.

இரண்டாவது, சாயம் போகுமா என்று பாருங்கள். நனைத்த துண்டை வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். வெள்ளையில் கலர் ஒட்டினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். சிவப்பும் கருநீலமும்தான் கூடுதலாகச் சாயம் விடும்.

மூன்றாவது, துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பழைய பட்டு வெளியே மினுங்கும், உள்ளே உளுத்திருக்கும். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பட்டுக்கு எடை கூட்ட உலோக உப்புகளைச் சேர்த்தார்கள். அந்தக் குயில்ட்டுகள் இன்றைக்குக் காட்சிச்சாலைகளில் கீறல் கீறலாகக் கிழிந்து கிடக்கின்றன. அருமையான பூத்தையல் மட்டும் மிஞ்சி நிற்கிறது, கீழே துணி இல்லை. வாங்குகிறவரின் வீட்டில் அப்படி ஆகக்கூடாது.

நான்காவது, கலரைக் கணக்கெடுங்கள். துண்டு எந்த உருவத்திலும் இருக்கலாம், ஆனால் கலரில் ஒரு ஒழுங்கு வேணும். இருண்ட கலர் பாதி, வெளிர் கலர் கொஞ்சம், கண்ணில் அடிக்கும் கலர் ஒன்றோ இரண்டோ போதும். பூப்போட்ட துணிக்குப் பக்கத்தில் பூப்போட்ட துணியை வைக்காமல் வெறும் துணியை வையுங்கள். அப்போதுதான் மூட்டின் மேல் போடும் தையல் எடுப்பாகத் தெரியும்.

குஷன் கவர் ஒன்று தைக்கும் முறை

16 அங்குலக் குஷனுக்குக் கணக்குச் சொல்கிறேன்.

1. அடித்துணி: பழைய பருத்திச் சீலையிலோ பெட்ஷீட்டிலோ 19 அங்குலச் சதுரம் வெட்டுங்கள். இது வெளியே தெரியாது. எல்லாத் துண்டையும் தாங்குவது இதுதான். பூத்தையல் போடப் போடத் துணி கொஞ்சம் உள்ளே இழுக்கும். அதனால்தான் கூட்டி வெட்டச் சொல்கிறேன்.

2. நடுத்துண்டு: ஐந்து பக்கம் உள்ள ஒரு துண்டை வெட்டி, அடித்துணியின் நடுவுக்குக் கிட்ட, நல்ல பக்கம் மேலே பார்க்க வையுங்கள். சரி நடுவில் வைக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும்.

3. அடுத்த துண்டு: நடுத்துண்டின் ஒரு பக்கத்தோடு இரண்டாவது துண்டைக் கவிழ்த்து வையுங்கள், நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்க்க. கால் அங்குலம் உள்ளே விட்டு, அடித்துணியோடு சேர்த்துத் தையுங்கள். மெஷினிலும் தைக்கலாம், கையாலும் தைக்கலாம். பிறகு துண்டைப் புரட்டி விரித்து அயன் பண்ணுங்கள். கூடுதலாக நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டுங்கள்.

4. சுற்றி வருவது: ஒரே திசையில் சுற்றிக்கொண்டே அடுத்தடுத்த துண்டுகளை வையுங்கள். ஒவ்வொரு புதுத் துண்டும் முந்திய துண்டின் வெட்டு ஓரத்தை மூட வேணும். அடித்துணி முழுக்க மூடும்வரை இப்படியே போகலாம். எங்காவது ஒரு ஓரம் மூடாமல் நின்றால், மேலே வைக்கும் துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து, கையால் ஒளித்தையல் போடுங்கள். லேஸ், பழைய சீலைக் கரை வைத்தும் மறைக்கலாம்.

5. பூத்தையல்: எல்லா மூட்டின் மேலும் போடுங்கள். இதைப் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

6. அளவெடுத்து வெட்டுவது: பூத்தையல் முடிந்த பிறகுதான் 17 அங்குலச் சதுரமாகச் சரியாக வெட்டவேணும். முன்னாலேயே வெட்டிவிட்டால் அளவு குறைந்துபோகும்.

7. பின்பக்கம்: வலுவான பருத்தித் துணியில் 17 அங்குல நீளம், 12 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நீளப் பக்கத்தை ஒரு அங்குலம் மடித்துத் தையுங்கள். மடித்த இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடுவில் வரும்படி, முன்துணியின் மேல் கவிழ்த்து வையுங்கள். சுற்றிவர அரை அங்குலம் விட்டுத் தைத்துப் புரட்டினால் 16 அங்குலக் கவர் தயார். இரண்டு துண்டும் ஐந்து அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். சிப்பும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். கடற்கரை ஊரில் உப்புக் காற்றுக்கு இரும்புக் கொக்கி துருப்பிடித்துத் துணியில் கறை விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூத்தையல்

பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படித்த பிள்ளைகளுக்கு இந்தத் தையல்கள் தெரிந்திருக்கும். மறந்தவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம், வெட்கமில்லை.

மீன்முள் தையல்: மூட்டுக்கு இரண்டு பக்கமும் மாறி மாறிக் குறுக்காகப் போகும். மூட்டை இறுக்கிப் பிடிக்க இது நல்லது.

இறகுத் தையல்: மேலிருந்து கீழாக, ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் வலப்பக்கம் நூலை வளைத்துப் பிடித்து இறக்குவது. கொடி மாதிரி வரும். கிரேசி குயில்ட்டில் அதிகம் காண்பது இதுதான்.

கம்பளித் தையல், சங்கிலித் தையல்: இரண்டும் நம்ம வீடுகளில் எல்லாருக்கும் பழக்கம்.

பிரெஞ்சு முடிச்சு: ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, நூல் வெளியே வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குத்தி இறக்குவது. சின்ன மணி மாதிரி நிற்கும். இறகுத் தையலின் நுனியில் வைத்தால் மொட்டு மாதிரி இருக்கும்.

கடையில் வாங்கும் பூத்தையல் நூல்கண்டில் ஆறு இழை இருக்கும். இரண்டு அல்லது மூன்று இழையைப் பிரித்தெடுத்துத் தையுங்கள். ஒரு கண்டு நீண்ட நாள் வரும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்ட வேண்டாம், சிக்கல் விழும்.

மூட்டு வேலை முடிந்தபின் பெரிய துண்டுகளின் நடுவில் ஒரு சித்திரம் தைக்கலாம். அமெரிக்கப் பெண்கள் விசிறியும் சிலந்தி வலையும் தைத்தார்கள். சிலந்தி வலை அதிர்ஷ்டம் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நாம் ஏன் விசிறி தைக்கவேணும்? நமக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கு. கொழுந்துக் கூடை இருக்கு. எலுவன்குளத்துக்காரருக்குக் கலா ஓயாக் கரையின் கண்டல் மரம், கடல் மீன், வில்பத்துக் காட்டு மானும் மயிலும் இருக்கு. வாங்குகிறவர்கள் எந்த ஊரில் வாங்கினோம் என்பதை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படுவார்கள். அந்த ஊரை நீங்கள்தான் துணியில் காட்டமுடியும்.

விலை போடும் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கொழுந்து நிறுக்கும்போது நாம் தராசு முள்ளைப் பார்க்கிறோம். எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று கேட்கிறோம். அரைப் பேர் போட்டால் சண்டைக்கே போகிறோம். ஆனால் வீட்டில் இருந்து தைக்கும்போது மட்டும் நம்ம நேரத்தை நாமே முழுசாகக் கழித்துவிடுகிறோம்.

ஒரு கொப்பி வையுங்கள். தைக்க உட்காரும் நேரத்தையும் எழும்பும் நேரத்தையும் எழுதுங்கள். அரை மணித்தியாலமானாலும் எழுதுங்கள். ஒரு பொருள் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் தாங்கள் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் போயிருப்பதைக் காண்பார்கள்.

பிறகு மணித்தியாலத்துக்கு ஒரு விலை வையுங்கள். ஒரு நாள் பேருக்கு உங்களுக்கு வரும் சம்பளத்தை எட்டால் பிரித்தால் ஒரு கணக்கு வரும். அதற்குக் கீழே போகவேண்டாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். இந்தத் தொகைகள் கணக்குப் புரிவதற்காக மட்டும். உங்கள் ஊர்க் கடை விலையை வைத்து நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

துண்டுத் துணி, லேஸ்: 150 ரூபா.
நூல்: 200 ரூபா.
பின்பக்கத் துணி: 250 ரூபா.
பஸ் செலவில் பங்கு: 100 ரூபா.
ஆகச் சாமான் செலவு: 700 ரூபா.
வேலை 14 மணித்தியாலம், மணிக்கு 150 ரூபா வீதம்: 2100 ரூபா.
மொத்தம்: 2800 ரூபா.

இப்போது எலுவன்குளத்துத் தங்கச்சியின் கேள்விக்கு வருவோம். இதே செலவும் இதே நேரமும் போயிருந்தால், வியாபாரி தரும் 1200 ரூபாவில் சாமான் செலவு 700 போக மிச்சம் 500 ரூபா. அதை 14 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 36 ரூபாகூட வரவில்லை. ஒரு முழு நாள் எட்டு மணித்தியாலம் கண் நோக ஊசி பிடித்தால் 300 ரூபாவைத் தொடாது. அந்த விலைக்குக் கொடுக்கவேண்டாம் என்பதுதான் என் பதில். துண்டுத் துணி சும்மா கிடைத்தது உண்மை. மூட்டுக்கு மூட்டு மேலே ஏறி நிற்கும் அந்த ஆயிரக்கணக்கான தையல் சும்மா கிடைக்கவில்லை.

இன்னொரு இடத்திலும் நம்மவர்கள் ஏமாறுவதுண்டு. கடைக்காரர் விற்றுத் தருவதற்கு நூற்றுக்கு 30 எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். நாம் 2800க்கு மேல் நூற்றுக்கு 30 கூட்டி 3640 ரூபா விலை போடுவோம். அவர் கழிப்பதோ விற்ற விலையில் நூற்றுக்கு 30, அதாவது 1092 ரூபா. நம்ம கைக்கு வருவது 2548. நமக்கு 252 ரூபா நட்டம். சரியான கணக்கு என்னவென்றால், 2800ஐ 70ஆல் பிரித்து 100ஆல் பெருக்கவேணும். 4000 ரூபா வரும். அதில் 1200 கழிந்தால் 2800 முழுசாகக் கைக்கு வரும். கணக்குப் படிக்கும் பிள்ளையை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

4000 ரூபாவுக்கு யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாரும் வாங்கமாட்டார்கள். மெஷினில் அடித்த குஷன் கவர் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அதோடு விலையில் போட்டி போட நம்மால் முடியாது, போடவும் கூடாது. விலை ஏறவில்லை என்றால் சின்னச் சாமான் செய்யுங்கள். கைப்பணப் பை, மூக்குக்கண்ணாடி உறை, புத்தக அடையாளம், ஊசி குத்தி வைக்கும் மெத்தை போன்றவற்றை இரண்டு மூன்று மணித்தியாலத்தில் முடிக்கலாம். சாமான் சின்னதானால் விலையும் சின்னதாகும். மணித்தியாலத்துக்கு உள்ள விலை மட்டும் குறையாது.

எங்கே விற்பது

எலுவன்குளம் புத்தளத்துக்கு வடக்கே இருக்கிறது. வில்பத்துத் தேசிய வனத்தின் மேற்கு வாசல் அங்கேதான். காடு பார்க்க வரும் உல்லாசப் பயணிகள், அவர்கள் தங்கும் விடுதிகள், அவர்களைக் கூட்டிப்போகும் ஜீப்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். விடுதியின் முன்னறையில் நாலு சாமான் வைக்கக் கேட்டுப் பார்க்கலாம். கல்பிட்டிப் பக்கத்திலும் வெளிநாட்டார் நிறைய வருகிறார்கள். தலவில புனித அன்னம்மாள் கோவிலில் மார்ச் மாதத்திலும், ஜூலை ஆகஸ்ட் காலத்திலுமாக வருசத்துக்கு இரண்டு திருவிழா. மலைநாட்டிலிருந்தும் நம்ம சனம் அங்கே போய்வருவது உண்டு. திருவிழாக் கூட்டத்தில் விலை கூடிய சாமான் போகாது, சின்னச் சாமான் போகும்.

மலையகத்தில் இருக்கிறவர்களுக்கு நுவரெலியா, எல்ல, ஹட்டன் போன்ற இடங்களுக்கு வரும் பயணிகள் இருக்கிறார்கள். இங்கே குளிர் என்பதால் பஞ்சு வைத்த சின்னப் போர்வையும் எடுபடும். அதற்கு மேல்துணி, பஞ்சு, கீழ்த்துணி மூன்றையும் சேர்த்து, நாலு ஐந்து அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டினால் போதும்.

அரசாங்கப் பக்கத்தில் தேசிய அருங்கலைகள் பேரவை 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. கைப்பணியாளர்களுக்கான அமைப்பு அது. லக்சல கடைகள் கைப்பணிப் பொருள் விற்கின்றன. உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுகைத்தொழில் பொறுப்பான உத்தியோகத்தரைக் கண்டு, பதிவு செய்வது எப்படி, பயிற்சி எப்போது என்று கேளுங்கள். எலுவன்குளத்துக்காரருக்கு அது வண்ணாத்திவில்லு பிரதேச செயலகம். போகும்போது வெறுங்கையோடு போகாமல் தைத்த சாமான் இரண்டைக் கொண்டுபோங்கள். சாமான் பேசினால் நாம் அதிகம் பேசத் தேவையில்லை.

கொடுக்கல் வாங்கலில் கவனம்

விற்றால் காசு என்று கடையில் சாமான் வைத்தால், எத்தனை சாமான், என்ன விலை, நூற்றுக்கு எவ்வளவு கழிவு, எந்தத் தேதியில் கணக்குப் பார்ப்பது என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வையுங்கள். வாய்ச்சொல் போதாது. தெரிந்தவர் என்றாலும் எழுதுவதில் குற்றமில்லை. எழுதி வைத்தால்தான் தெரிந்தவர் தெரிந்தவராகவே இருப்பார்.

ஓடர் வந்தால் பாதிக் காசு முன்பணமாக வாங்குங்கள். சாமான் செலவு கைக்காசில் போகக்கூடாது. சுழல்வட்டிக்கு எடுத்துத் துணி வாங்க வேண்டவே வேண்டாம்.

தைத்ததை ஒரு சோறு சமைக்கும் அறையிலேயே வைத்திருந்தால் அடுப்புப் புகை துணியில் ஏறும். நமக்கு அந்த மணம் பழகிப்போயிருக்கும், வாங்க வருகிறவர் முகத்தைத் திருப்பிவிடுவார். முடித்த சாமானைக் கழுவிய பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு தரம் எடுத்து உதறி வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. குண்டூசியைக் குத்தியபடி விட்டுவிட வேண்டாம், துரு இறங்கும்.

ஒவ்வொரு சாமானோடும் ஒரு சின்னத் துண்டுக் கடதாசி கட்டுங்கள். தைத்தவரின் பெயர், ஊர், கழுவும் முறை மூன்றும் அதில் இருக்கட்டும். “குளிர்ந்த தண்ணீரில் கையால் கழுவவும், நிழலில் காயவைக்கவும்” என்றால் போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்றும் எழுதலாம். அதை வாசித்த பிறகு விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவாக இருப்பார்கள்.

கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். குப்பி விளக்கிலோ மங்கல் பல்பிலோ பூத்தையல் போட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து தைப்பது நல்லது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கித் தூரத்து மலையையோ மரத்தையோ பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு லயத்தில் நாலு பேர் தைக்கிறீர்கள் என்றால், நாலு பேரும் உட்கார்ந்து ஒரே விலை பேசி முடிவெடுங்கள். ஒருத்தர் 2800 சொல்லும்போது அடுத்த காம்பராக்காரர் 1500க்குக் கொடுத்தால் நாலு பேருக்கும் நட்டம்தான், வியாபாரிக்கு மட்டும் இலாபம். அலபாமாப் பெண்கள் தையலில் மட்டும் கெட்டிக்காரர்கள் இல்லை, விலை பேசுவதிலும் ஒற்றுமையாக நின்றார்கள். துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துத் தைக்கத் தெரிந்த நமக்கு அது முடியாத காரியம் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் கிடக்கும் துண்டுத் துணிகளைக் கழுவிப் போடுங்கள். ஒரு கொப்பியும் எடுத்து வையுங்கள். முதல் குஷன் கவர் முடிந்ததும் அந்தக் கொப்பியையும் கொண்டு உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள், விலையைச் சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.